சமூக சேவையும் பால்நிலைச் சிறுபான்மையினரும்



சமூக சேவை என்றவுடன் நமது மனக்கண்முன் சில காட்சிகள் தோன்றுகின்றன. வெள்ளத்தால் வீடிழந்தோருக்கு உலர் உணவு பகிர்தல், முதியோருக்கு உதவிப்பணம் வழங்கல், நோயாளருக்கு மருந்து கொடுத்தல், ஆதரவற்ற பிள்ளைகளுக்கு இல்லம் அமைத்தல் ஆகியவை அவை. இப்பணிகளில் ஈடுபட்டோரை வினவினால், தேவையுள்ள எவருக்கும் தாம் உதவி மறுப்பதில்லை என்றே கூறுவர். அக்கூற்றில் உண்மையுண்டு. ஆயினும், வாயிற்கதவு திறந்திருப்பது வேறு; அவ்வாயிலுட் புகுவதற்கு ஒருவர் அஞ்சாதிருப்பது வேறு. ஒருபாலீர்ப்புடையோர், இருபாலீர்ப்புடையோர், திருநங்கையர், திருநம்பியர் ஆகியோருட் பலர் இத்தகைய அச்சத்துடனேயே அரசாங்கப் பணிமனைகளையும் வைத்தியசாலைகளையும் பாடசாலைகளையும் அணுகுகின்றனர். அவர்களுக்குச் சேவை புரிவோர் கைக்கொள்ள வேண்டிய நெறிகளைப் பற்றிச் சிறிது சிந்திப்போம்.

முதலிற் சொற்களைத் தெளிவாக்கிக்கொள்ளல் நன்று. தம் பாலாரிடத்தே அன்பும் ஈர்ப்பும் கொள்வோரை ஒருபாலீர்ப்புடையோர் என்றும், இருபாலாரிடத்தும் அவ்வாறு ஈர்க்கப்படுவோரை இருபாலீர்ப்புடையோர் என்றும் அழைக்கின்றோம். பிறப்பின்போது ஆணெனப் பதியப்பட்டுப் பெண்ணாகத் தம்மை உணர்வோர் திருநங்கையர். பெண்ணெனப் பதியப்பட்டு ஆணாக உணர்வோர் திருநம்பியர். இவர்கள் நேற்றுத் தோன்றியோர் அல்லர். ஆண்மை திரிந்தாரைக் குறிக்கும் சொல்லுக்குத் தொல்காப்பியர் சொல்லதிகாரத்தில் இலக்கணம் வகுத்தபோது, அச்சொல்லை உயர்திணையிலேயே வைத்தார். மக்களுள் ஒருவராக அவரை எண்ணுவதில் நமது பழைய இலக்கணத்திற்கு ஐயம் இருக்கவில்லை.

நமது உத்தியோகத்தர் சிலரிடம் ஓர் ஐயம் உண்டு. சட்டம் குற்றமெனக் கூறும் ஒன்றோடு தொடர்புடையோருக்கு நாம் உதவலாமோ என்பதே அது. 1883ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவையில் 365ஆம், 365அ பிரிவுகள் சில செயல்களைத் தண்டனைக்குரியன என்றன. 1995ஆம் ஆண்டுத் திருத்தம் 365அ பிரிவைப் பெண்களுக்கும் விரித்தது. இப்பிரிவுகளை நீக்கக் கருதிய தனிநபர் சட்டமூலமொன்று அரசியலமைப்புக்கு முரணானதன்று என, நாட்டின் மிகவுயர்ந்த நீதிபீடமாகிய உயர் நீதிமன்றம் 2023ஆம் ஆண்டு தீர்மானித்தது. 2024ஆம் ஆண்டு பாராளுமன்றம் கலைக்கப்பட்டமையால் அச்சட்டமூலம் நிறைவேறாது போயிற்று. சட்டத்தை மாற்றுவதும் மாற்றாது விடுவதும் பாராளுமன்றத்தின் பொறுப்பு. எனினும், அப்பிரிவுகள் செயலைப் பற்றியவையே. இன்னாருக்கு மருந்து கொடாதே, இன்னாருக்கு உணவு பகிராதே, இன்னாரைப் பாடசாலையிற் சேர்க்காதே என்று அவை எங்கும் கூறவில்லை. ஆகவே சேவையை மறுப்பவர் சட்டத்தின் பின்னே ஒளிந்துகொள்ள இயலாது.

இனி நெறிகளுக்கு வருவோம்.

முதலாவது நெறி, தேவையை மட்டும் வினவுதல். காய்ச்சலுக்கு மருந்து பெற வந்தவரிடம் அவருடைய இல்வாழ்வைப் பற்றிக் கேட்பதில் என்ன பயன்? எந்தச் சேவைக்கு எந்த விவரம் இன்றியமையாததோ அதனை மட்டுமே கேட்க வேண்டும். படிவங்களும் இவ்வாறே அமைய வேண்டும். 2004ஆம் ஆண்டு ஆழிப்பேரலையின் பின்னர், தமிழ்நாட்டின் கரையோரத்தில் வாழ்ந்த திருநங்கையர் சிலர் நிவாரணத்திலிருந்து விடுபட்டுப்போயினர். ஆண், பெண் என்ற இரு நிரல்களும், குடும்பத் தலைவரின் பெயரிலான அட்டையும் மட்டுமே கணக்கில் எடுக்கப்பட்டமை அதற்கொரு காரணம். பசி இருந்தது, அதனைப் பதிவதற்குப் படிவத்தில் இடம் இருக்கவில்லை. பின்னர் 2008ஆம் ஆண்டு தமிழ்நாட்டு அரசு திருநங்கையருக்கென நலவாரியம் ஒன்றை நிறுவியது.

இரண்டாவது நெறி, ஒருவர் தம்மை எவ்வாறு அழைக்கும்படி வேண்டுகிறாரோ அவ்வாறே அழைத்தல். நமது நாட்டில் 2016ஆம் ஆண்டு சுகாதார அமைச்சு வெளியிட்ட சுற்றறிக்கையின்படி, மனநல வைத்திய நிபுணர் வாயிலாகப் பால்நிலை அங்கீகாரச் சான்றிதழ் பெற வழி பிறந்தது. அதனைக் கொண்டு பிறப்புப் பதிவில் பெயரையும் பாலையும் திருத்துவதற்குப் பதிவாளர் நாயகமும் வழிவகுத்தார். ஆயினும் எல்லோரும் அச்சான்றிதழைப் பெற்றுவிட்டார்கள் என எண்ணுதல் தவறு. சேலை உடுத்திய ஒருவர் வைத்தியசாலை வாங்கில் அமர்ந்திருக்கையில், அடையாள அட்டையிலுள்ள ஆண் பெயரை உரத்துக் கூவினால் அங்குள்ள அத்தனை கண்களும் அவரை நோக்கித் திரும்பும். அடுத்த முறை அவர் வரமாட்டார். நோய் முற்றிய பின்னரே வருவார். பெயருக்குப் பதிலாக இலக்கத்தைக் கூறி அழைப்பதற்கு எவ்விதச் செலவும் இல்லை.

மூன்றாவது நெறி, இரகசியம் காத்தல். இதனை நான் நூலிற் படித்து அறிந்தவனல்லன், தவறிழைத்து அறிந்தவன்.

ஏறக்குறைய இருபது ஆண்டுகளுக்கு முன்னர், உயர்தர வகுப்பு மாணவன் ஒருவன் பாடசாலை விட்ட பின் என்னிடம் வந்தான். தனது மனம் ஆண்களையே நாடுகின்றது என்றும், சக மாணவர் அதனை ஊகித்து ஏளனம் செய்கின்றனர் என்றும், பல நாளாக நித்திரை இல்லை என்றும் தலை குனிந்தபடி கூறினான். வரலாற்றுப் பாடத்தில் வகுப்பிலே முதல்வன் அவன். நான் கடமையுணர்ச்சி என்று எண்ணி, அவ்வாரத்திலேயே அவனுடைய தகப்பனாரை அழைத்து யாவற்றையும் கூறினேன். அடுத்த திங்கட்கிழமை அவனது கதிரை வெறுமையாய் இருந்தது. தூர ஊரிலுள்ள உறவினர் கடையொன்றில் அவனை விட்டுவிட்டார்கள் என்று பின்னர் அறிந்தேன். அவன் பரீட்சைக்குத் தோற்றவில்லை. இன்று எங்கிருக்கின்றான் என்பதும் தெரியாது. நித்திரை வருவதற்கு ஒரு வழியையும், ஏளனம் செய்வோரை அடக்குவதற்கு ஒரு சொல்லையுமே அவன் என்னிடம் கேட்டான். நானோ அவனது வீட்டுக் கதவையும் பாடசாலைக் கதவையும் ஒருங்கே மூடிவிட்டேன்.

அன்று நான் அறியாத ஒன்றை இன்று அறிவேன். ஒருவர் தம்மைப் பற்றிக் கூறும் இரகசியம் கேட்டவருக்கு உரியதன்று, கூறியவருக்கே உரியது. அதனை யாரிடம், எப்பொழுது, எவ்வளவு வெளியிடுவது என்பதை அவரே தீர்மானிக்க வேண்டும். உயிருக்கு ஆபத்து நேரும் நிலையில் வேறொருவரின் உதவி தேவைப்படலாம். அப்பொழுதும், அவருக்குச் சொல்லிவிட்டு, ஆபத்தைத் தவிர்ப்பதற்கு வேண்டிய அளவே வெளியிடுதல் முறையாகும். கிராம உத்தியோகத்தரும் தாதியரும் ஆசிரியரும் ஒரே ஊரில் வாழும் சிற்றூர்களில், ஒரு சொல் படலை தாண்டினால் ஊர் முழுதும் பரவிவிடும். ஆதலால் அங்கே இந்நெறி மும்மடங்கு முக்கியமானது.

நான்காவது நெறி, திருத்த முயலாதிருத்தல். உலக சுகாதார நிறுவனம் 1990ஆம் ஆண்டு ஒருபாலீர்ப்பை நோய்ப் பட்டியலிலிருந்து நீக்கிற்று. 2019ஆம் ஆண்டு ஏற்கப்பட்ட புதிய பட்டியல், திருநங்கையர், திருநம்பியரின் நிலையை மனநோய்களின் வரிசையிலிருந்து விலக்கியது. நோயல்லாத ஒன்றிற்கு மருந்து தேடுவதும், மந்திரித்தலும், அவசரத் திருமணமும் துன்பத்தையே பெருக்கும். அவர்களுக்கு மனச்சோர்வு உண்டாகுமாயின் அதற்குச் சிகிச்சை உண்டு. ஆனால் அச்சோர்வின் வேர் பெரும்பாலும் பிறரது ஏளனத்திலேயே இருக்கின்றது.

ஐந்தாவது நெறி, அறியாததைக் கற்றல். இதற்கு ஓர் உதாரணம் கூறுவேன். மதுரையைச் சேர்ந்த இளம்பெண்கள் இருவர், தம் காதலைப் பெற்றோர் எதிர்த்தமையால் வீட்டைவிட்டு வெளியேறி, பாதுகாப்பு வேண்டிச் சென்னை உயர் நீதிமன்றத்தை நாடினர். அவ்வழக்கை விசாரித்த நீதியரசர் ஆனந்த் வெங்கடேஷ், இவ்விடயத்தில் தமக்குப் போதிய தெளிவில்லை என வெளிப்படையாக ஒப்புக்கொண்டார். உளவியல் அறிஞர் ஒருவரிடம் தாமே சென்று பாடங்கேட்டார். அதன் பின்னரே 2021ஆம் ஆண்டு ஜூன் 7ஆம் திகதி உத்தரவு வழங்கினார். பாலீர்ப்பை மாற்ற முயலும் சிகிச்சைகளை அவர் தடைசெய்தார். தங்குமிட வசதிகளையும், பொலிசார் முதலியோருக்குப் பயிற்சியையும் ஏற்பாடு செய்யும்படி பணித்தார். மதிப்பான தமிழ்ச் சொற்களைக் கொண்ட சொற்றொகுதி ஒன்றும் அவ்வழக்கின் பயனாக 2022ஆம் ஆண்டு தமிழ்நாட்டு அரசால் வெளியிடப்பட்டது. தீர்ப்புக் கூறும் ஆசனத்தில் அமர்ந்தவரே மாணவராக இருக்க இசைந்தாரெனில், நம்மைப் போன்றோர் கற்பதற்குத் தயங்குவானேன்?

நேயர்களே, இந்நெறிகள் ஐந்தும் இவர்களுக்கெனத் தனிச்சலுகை எதனையும் கோரவில்லை. தேவையை மட்டும் கேட்டல், மதிப்புடன் அழைத்தல், இரகசியம் காத்தல், திருத்த முயலாமை, கற்றல் ஆகியவற்றை நாம் ஒவ்வொருவரும் நமக்கென எதிர்பார்க்கின்றோம். பிறருக்கு அவை மறுக்கப்படும்போதுதான் அவற்றின் அருமை புலனாகின்றது. பிள்ளையின் நிலையறிந்து கலங்கும் பெற்றோருக்கும் இதே பரிவுடன் ஆறுதல் கூற வேண்டும்; அவர்களும் உதவி நாடுவோரே. மனவேதனை மிக்கோர் 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்துடன் தொலைபேசியிற் பேசலாம்.

நாளைக் காலை உங்கள் பணிமனையிலோ வகுப்பறையிலோ ஒருவர் தயங்கியபடி வந்து நிற்கக்கூடும். அவர் கூற வந்ததைக் கூறும்வரை பொறுத்திருங்கள். கூறியதை உங்களுடனேயே வைத்துக்கொள்ளுங்கள். பின்னர், அவர் கேட்ட உதவியைச் செய்யுங்கள். அன்று அந்த மாணவனுக்கு நான் செய்திருக்க வேண்டியது அவ்வளவே.