பெட்டிக்குள் கிடக்கும் முதுசொம்

அண்மையில் இடம்பெயர்ந்த தாய் ஒருவர் என்னிடம் ஒரு வீடியோ கசற்றைக் கொண்டுவந்தார். காணி உறுதியோடு சேர்த்து முகாம் முகாமாக அவர் காவிய பொருள் அது. “சுவாமி, எங்கட வீடும் கிணத்தடியும் இதிலதான் இருக்கு” என்றார். மகளின் கலியாணத்தன்று எடுத்த படம். இன்று அந்த வீடு தரைமட்டம்.

நாடாவில் வெள்ளையாகப் பூஞ்சணம் படிந்திருந்தது. ஆர்வக்கோளாறில் நான் அதைப் பழைய டெக் ஒன்றில் போட்டேன். நாடா சிக்கி அறுந்தது. பாதிதான் மிஞ்சியது. அந்தத் தாய் என்னை ஒரு சொல்லும் கேட்கவில்லை. அதுவே எனக்குப் பெரிய பாடமாயிற்று.

இத்தகைய இழப்பு எமக்குப் புதிதல்ல. 1962இல் வெளிவந்த ‘சமுதாயம்’ தொடக்கம் ‘குத்துவிளக்கு’ (1972), ‘பொன்மணி’ (1977), ‘வாடைக்காற்று’ (1978) என ஈழத்துக் கலைஞர்கள் எமது பேச்சையும் வாழ்வையும் படமாக்கினார்கள். 1983 ஜூலை வன்செயலில் கொழும்புக்கு வடக்கே ஹெந்தளையிலிருந்த விஜயா ஸ்ரூடியோ எரிக்கப்பட்டது. அங்கிருந்த படச்சுருள்கள் பல சாம்பலாயின. ஒரே இடத்தில் இருந்தவை ஒரே நெருப்பில் போயின.

விதைநெல்லை எந்த விவசாயியும் ஒரே மூட்டையில் வைத்து நம்பியிருப்பதில்லை. அயலவருக்கும் கொடுத்து வைப்பான். தன் வயல் வெள்ளத்தில் போனாலும் அயலவனிடம் விதை இருக்கும். படங்களுக்கும் இதே வழிதான்.

நாம் செய்யக்கூடியவை:

1. பூஞ்சணம் பிடித்த கசற்றை ஓடவிட வேண்டாம். துப்புரவாக்கத் தெரிந்தவரிடம் கொடுங்கள்.

2. கசற்றை முழுவதும் சுற்றி, நிலத்து ஈரமும் வெயிலும் படாத இடத்தில் நிமிர்த்தி வையுங்கள். ஸ்பீக்கருக்கு அருகில் வேண்டாம். அதன் காந்தம் பதிவைக் கெடுக்கும். கசற்றின் முதுகிலுள்ள சிறு பிளாஸ்ரிக் துண்டை உடைத்துவிட்டால் அதன்மேல் தவறுதலாக வேறொன்று பதிவாகாது.

3. தாமதிக்க வேண்டாம். வீடியோ டெக் செய்துவந்த கடைசி ஜப்பானிய நிறுவனமும் 2016இல் உற்பத்தியை நிறுத்திவிட்டது. இயங்கும் டெக் கிடைக்கும்போதே கணினியில் பிரதி எடுங்கள்.

4. ஒரு பிரதி வீட்டில், ஒன்று வேறூரிலுள்ள உறவினரிடம், ஒன்று பங்கிலோ பாடசாலையிலோ இருக்கட்டும். 2005இல் தொடங்கிய ‘நூலகம்’ எண்ணிம நூலகம் நூல்களோடு ஒலி, ஒளிப்பதிவுகளையும் ஆவணப்படுத்தி வருகிறது.

5. ஊர், ஆண்டு, படத்தில் உள்ளோரின் பெயர்கள் ஆகியவற்றை முதியோரிடம் கேட்டு எழுதிவையுங்கள். வெளியே பகிருமுன் படத்தில் உள்ளோரின் சம்மதத்தைப் பெறுங்கள்.

ஐயாயிரம் பேர் உண்ட பின்னும் மீந்த துண்டுகளை வீணாகாமல் சேர்க்கச் சொன்னார் இயேசு. அந்தத் தாயின் கசற்றில் மீந்த பாதியையும் ஒருவர் பொறுமையாகப் பிரதி செய்து தந்தார். அதைப் பார்க்க முகாமில் அயலவர்கள் கூடினார்கள். மாப்பிள்ளையையோ பெண்ணையோ அவர்கள் அதிகம் பார்க்கவில்லை. “அந்தா எங்கட வேலி! அது எங்கட மாமரம்!” என்றுதான் பிள்ளைகளுக்குக் காட்டினார்கள். அந்த ஊரை ஒருநாளும் கண்டிராத பிள்ளைகள் அவர்கள்.

உங்கள் பெட்டியையும் இன்றே திறந்து பாருங்கள்.