நாள் தள்ளிப்போகும் முன்பே தேவைப்படும் மாத்திரை

கருவுற்றது உறுதியான பின் ஃபோலிக் அமில மாத்திரையைத் தொடங்கினால் போதும் என்றே கடையம் வட்டாரத்திலிருந்து எங்களிடம் வரும் தாய்மார்களில் பலர் எண்ணுகின்றனர். ஒரு முக்கியப் பயனைப் பொறுத்தவரை, அது காலம் கடந்த தொடக்கமாகிவிடுகிறது.

குழந்தையின் மூளையாகவும் தண்டுவடமாகவும் வளரவிருக்கும் நரம்புக் குழல், கரு உருவான 28 நாட்களுக்குள் மூடிக்கொள்கிறது. மாதவிலக்கு தள்ளிப்போனதை உணர்ந்து, சில நாட்கள் பொறுத்துப் பரிசோதனைக்கு வருவதற்குள் அந்நாட்கள் பெரும்பாலும் கடந்துவிடுகின்றன. குழல் சரிவர மூடாவிடில் முதுகெலும்புப் பிளவு போன்ற பிறவிக் குறைகள் ஏற்படலாம். ஆகவே, குழந்தைப்பேற்றை எதிர்நோக்கும் பெண்கள் குறைந்தது ஒரு மாதம் முன்பிருந்தே நாள்தோறும் 400 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலம் உட்கொண்டு, கருவுற்ற முதல் மூன்று மாதங்களும் அதனைத் தொடர வேண்டும். இக்குறையுடன் முன்பு குழந்தை பிறந்திருந்தாலோ, வலிப்பு நோய்க்கு மருந்து உட்கொண்டு வந்தாலோ இன்னும் கூடுதலான அளவு தேவைப்படலாம். அதனை மருத்துவரே முடிவு செய்வார். வலிப்பு மருந்தைத் தாமாக நிறுத்திவிடலாகாது.

இதன் பயன் ஊகமன்று. ஏற்கெனவே இக்குறையுள்ள குழந்தையைப் பெற்ற தாய்மார்களிடம் பிரிட்டன் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நடத்தி 1991-இல் வெளியிட்ட ஆய்வில், ஃபோலிக் அமிலம் பெற்றோரிடையே அக்குறை மீண்டும் வருவது 72 விழுக்காடு குறைந்திருந்தது.

இச்சத்தின் வரலாற்றில் நம் நாட்டுக்கும் பங்குண்டு. 1928-இல் பம்பாய்க்கு வந்த ஆங்கில மருத்துவர் லூசி வில்ஸ், ஆலைத் தொழிலாளர் குடும்பங்களில் கர்ப்பிணிகளை வாட்டிய கடும் இரத்தசோகையை ஆராய்ந்தார். குன்னூரிலும் சென்னையிலும் அப்பணியைத் தொடர்ந்தார். மார்மைட் எனும் மலிவான ஈஸ்ட் சாற்றினால் அந்தச் சோகை குணமாவதை 1931-இல் அறிவித்தார். அச்சாற்றில் பயனளித்த பொருளே பின்னர் ஃபோலிக் அமிலம் என அறியப்பட்டது. 1941-இல் பாலக்கீரையிலிருந்து பிரித்தெடுத்தோர், இலையைக் குறிக்கும் இலத்தீன் சொல்லால் அதற்குப் பெயரிட்டனர்.

நம் வீடுகளில் கீரைக்கோ, பச்சைப்பயறுக்கோ, தட்டைப்பயறுக்கோ குறைவில்லை. குறை சமைக்கும் முறையில் உள்ளது. இச்சத்து நீரில் கரையும். நீண்டநேர வெப்பத்தில் அழியும். கீரையை நெடுநேரம் வேகவைத்து நீரை வடித்துக் கொட்டினால், சத்தின் பெரும்பகுதி அடுப்பங்கரையிலேயே போய்விடும். எனினும், கருவுறும் முன் தேவைப்படும் அளவுக்கு உணவை மட்டும் நம்பியிருக்க வேண்டாம் என்பதே எங்கள் கருத்து.

முதியோருக்கும் புலால் உண்ணாதோருக்கும் ஓர் எச்சரிக்கை. வைட்டமின் பி12 குறைபாடு உள்ளவர் ஃபோலிக் அமிலத்தை மட்டும் உட்கொண்டால், இரத்தசோகை சீராவது போலத் தோன்றும். நரம்புப் பாதிப்போ உள்ளூர வளரும். கால் மரத்துப்போதல், நடையில் தள்ளாட்டம் இருப்பின், கடையில் மாத்திரை வாங்கும் முன் பி12 பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.