பருப்பு வேகல, சோப்பு நுரைக்கல, ஹீட்டர் காயில் போச்சு... திண்டுக்கல் போர் தண்ணியில் அப்படி என்னதான் இருக்கு?

திண்டுக்கல்லில் வாடகைக்கு வீடு பார்க்கப் போனால், அட்வான்ஸ் எவ்வளவு என்பதற்கு அடுத்த கேள்வி, "நல்ல தண்ணி எத்தனை நாளைக்கு ஒருதரம் வரும்?" என்பதுதான். ஆத்தூர் காமராஜர் நீர்த்தேக்கத்தில் இருந்தும், காவிரி கூட்டுக் குடிநீர்த் திட்டத்திலும் வருவது நல்ல தண்ணி. மொட்டை மாடி டேங்கில் ஏறி பாத்ரூம், வாஷிங் மெஷின், ஹீட்டர் என ஓடுவது பெரும்பாலும் போர் தண்ணி. ஊர்ப் பேச்சில் 'உப்புத் தண்ணி'.

உப்பு என்றாலும், சிக்கல் சமையல் உப்பு மட்டுமல்ல. மண்ணிலும் பாறை இடுக்குகளிலும் இறங்கும் மழைநீர், அங்குள்ள கால்சியத்தையும் மக்னீசியத்தையும் கரைத்துக்கொண்டு வருகிறது. இதைத்தான் கடினத்தன்மை என்கிறார்கள். (தோல் தொழிற்சாலைக் கழிவு நிலத்தடியில் கலந்த பகுதிகளில் கதையே வேறு. அங்கே மற்ற மாசுகளையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.)

இந்தியத் தர நிர்ணய அளவின்படி, குடிநீரில் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை இருக்கலாம். வேறு தண்ணீரே இல்லாவிட்டால் 600 வரை. அந்த 600 அளவில் இருக்கும் தண்ணீரை 1,000 லிட்டர் டேங்கில் நிரப்பினால், சுண்ணாம்புக் கணக்கில் அதில் 600 கிராம் கரைந்திருக்கிறது என்று அர்த்தம். பார்க்க மட்டும் கண்ணாடி மாதிரி இருக்கும்!

வீட்டுக்குள் என்ன நடக்குது?

சோப்பு போட்டால் முதலில் கால்சியத்தோடு சேர்ந்து பிசுக்காகிவிடும். மிச்சம்தான் நுரைக்கும். பக்கெட் ஓரத்தில் ஒட்டுவதும், தலைமுடியைச் சொரசொரப்பாக்குவதும் அந்தப் பிசுக்குதான்.

துவரம்பருப்பு வேகாததற்குக் கடைக்காரரைத் திட்ட வேண்டாம். பருப்பின் செல்களை ஒட்டவைக்கும் பெக்டினைக் கால்சியம் இறுக்கிவிடுகிறது. எத்தனை விசில் விட்டாலும் பருப்பு முழுசு முழுசாக நிற்கும். பருப்புக்கு மட்டுமாவது நல்ல தண்ணி வைப்பது கேஸையும் மிச்சப்படுத்தும்.

அதிகச் செலவு வைப்பது ஹீட்டர்தான். சூடேறும்போது கரைந்திருந்த சுண்ணாம்பு பிரிந்து காயில் மேல் ஓடு மாதிரி படியும். வெப்பம் தண்ணீருக்குப் போக நேரமாகும், கரண்ட் பில் ஏறும், கடைசியில் காயிலே போய்விடும்.

கிட்னியில் கல் வருமா?

எல்லோருக்கும் இருக்கும் பயம் இது. உலக சுகாதார நிறுவனம் கடினத்தன்மைக்கு உடல்நலம் சார்ந்த உச்சவரம்பு எதையும் வைக்கவில்லை. ஏற்கெனவே கல் பிரச்னை உள்ளவர்கள் டாக்டரிடம் கேட்பது நல்லது. மற்றவர்கள் இந்தப் பயத்தில் மட்டும் மெஷின் வாங்க ஓட வேண்டியதில்லை.

பயத்தைக் காசாக்குபவர்களும் உண்டு. இரும்புக் கம்பிகள் கொண்ட கருவியை டம்ளரில் விட்டு கரண்ட் கொடுப்பார்கள், தண்ணீர் செம்பழுப்பாக மாறும். "பாருங்க, இதைத்தான் குடிக்கிறீங்க!" என்பார்கள். அது தண்ணீரில் இருந்த அழுக்கு அல்ல. கரண்டில் அந்தக் கம்பியே கரைந்து வரும் துரு. ஆர்.ஓ. தண்ணீரில் உப்பு குறைவு என்பதால் கரண்ட் பாயாது, நிறமும் மாறாது.

அப்போ என்ன பண்ணலாம்?

முதலில் டெஸ்ட். தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் கட்டணம் கட்டிப் பரிசோதிக்கலாம். கையில் பிடிக்கும் டி.டி.எஸ். மீட்டர் கரைந்த உப்புகளின் மொத்த அளவைத்தான் சொல்லும், கடினத்தன்மையைத் தனியாகச் சொல்லாது.

கொதிக்க வைத்து, ஆறவிட்டு, தெளிந்ததை இறுத்தால் ஒரு பகுதி குறையும். சல்பேட், குளோரைடாக இருக்கும் கடினத்தன்மை கொதிக்கவைத்தாலும் போகாது. படிகாரம் கலங்கலைத் தெளியவைக்கும், பிளீச்சிங் பவுடர் கிருமியைக் கொல்லும். இரண்டுக்கும் கடினத்தன்மையோடு சம்பந்தமில்லை.

கிச்சனில் ஆர்.ஓ. மாட்டினால் குடிநீர் சரியாகும், ஹீட்டர் தப்பிக்காது. அதற்கு டேங்க் லைனில் வைக்கும் சாஃப்ட்னர் வேண்டும். அது கால்சியத்தை எடுத்துவிட்டு சோடியத்தை விடுவதால், உப்பு குறைக்கச் சொல்லப்பட்டவர்கள் அந்தத் தண்ணீரைக் குடிக்கக் கூடாது. மீட்டரிலும் அளவு பெரிதாகக் குறையாது. மெஷின் வேலை செய்யவில்லை என்று சண்டைக்குப் போக வேண்டாம்!

இரண்டும் வாங்க முடியாதவர்கள் ஹீட்டரை 50 டிகிரி அளவில் வைத்து, வருஷத்துக்கு ஒருமுறை காயிலைச் சுத்தம் செய்யலாம். கெட்டிலில் படிந்த வெள்ளை, எலுமிச்சைச் சாறு கலந்த தண்ணீரைக் கொதிக்கவிட்டு அரைமணி நேரம் வைத்தால் கரைந்துவிடும்.

ஆர்.ஓ. வெளியே தள்ளும் தண்ணீரில் உப்பு இன்னும் அதிகம். பாத்ரூம் கழுவலாம், தொட்டிச் செடிக்கு ஊற்ற வேண்டாம்.