ஜாக்கி வைத்துத் தூக்கிய ஊர்

கார் டயர் பஞ்சரானால் டிரைவர் அண்ணன் என்ன செய்வார்? வண்டிக்கு அடியில் ஜாக்கியை வைத்து, கம்பியைப் போட்டுச் சுற்றுவார். ஆயிரம் கிலோ கார், ஒற்றை ஆள் கைக்கு அடங்கி மெதுவாக எழும்பும். அதே ஜாக்கியை ஒரு தெருவுக்கே வைத்தால்? சிரிக்காதீர்கள். அமெரிக்காவில், மிச்சிகன் ஏரிக் கரையில் இருக்கும் சிகாகோ நகரத்தில் அதைத்தான் செய்தார்கள்.

1840-ல் சிகாகோவில் இருந்தவர்கள் சுமார் 4,500 பேர். அப்புறம் கால்வாய் வந்தது, ரயில் வந்தது. கோதுமை, மரம், பன்றி எல்லாம் அங்கே வந்து குவிந்தன. வேலை தேடி ஆட்களும் வந்தார்கள். 1860-ல் 1,12,000 பேர்! நாலு பேர் இருக்கும் உங்கள் வீட்டில் இருபது வருஷத்தில் நூறு பேர் ஆகிவிட்டார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். கக்கூஸ் மட்டும் அதே ஒன்றுதான். காலையில் வரிசை எவ்வளவு நீளம் நிற்கும்?

சிகாகோவின் அவஸ்தையும் அதுதான். அதுவும் அந்த ஊரின் தரை தோசைக்கல் மாதிரி தட்டை. ஏரியின் நீர்மட்டத்தைவிடச் சில அடிதான் உயரம். அடியில் களிமண், மழைத் தண்ணீர் உள்ளே இறங்காது. வீடு கட்டும் கொத்தனாரைக் கேட்டுப் பாருங்கள், "தண்ணி ஓட வாட்டம் வேணும்" என்பார். சிகாகோவில் வாட்டமே கிடையாது. தெருவெல்லாம் சேறு, சாக்கடை. அந்த அசுத்தம் குடிதண்ணீரில் கலந்தது. 1854-ல் வந்த காலரா, ஊரில் ஏராளமான பேரைக் கொண்டுபோய்விட்டது.

அடுத்த வருஷம் பாஸ்டனிலிருந்து எல்லிஸ் செஸ்ப்ரோ என்ற பொறியாளரை வரவழைத்தார்கள். தோண்டிச் சாக்கடைக் குழாய் புதைத்தால் அது ஏரியைவிடத் தாழ்ந்துபோகும், கழிவு எங்கே வடியும்? செஸ்ப்ரோ தலைகீழாக யோசித்தார். குழாயைத் தெருவின் மேலேயே வாட்டம் பார்த்துப் போடு. அதன்மேல் மண்ணைக் கொட்டு. அதுவே இனிமேல் தெரு!

தெரு உயர்ந்துவிட்டது. வீடுகள்? வாசல்படி பள்ளத்தில் போய்விட்டது. அப்போதுதான் ஜாக்கி வந்தது.

ஜாக்கிக்குள் இருப்பது ஒரு பெரிய திருகாணி. ஒரு காகிதத்தை முக்கோணமாக வெட்டிப் பென்சிலில் சுற்றுங்கள். சாய்ந்த ஓரம் பென்சிலைச் சுற்றிச் சுற்றி ஏறும் இல்லையா? அதுதான் திருகாணியின் மரை. அதாவது, திருகாணி என்பது சுருட்டி வைத்த சாய்தளம். லாரியில் பீப்பாயை நேராகத் தூக்க முடியாதவர்கள் பலகை சாய்த்து உருட்டி ஏற்றுவார்களே, அதே வித்தை. கை நிறைய தூரம் சுற்றுகிறது, பாரம் கொஞ்ச உயரம்தான் ஏறுகிறது. அதனால் குறைந்த பலமே போதும்.

1860-ல் லேக் தெருவில் 320 அடி நீளத்துக்கு ஒட்டி நின்ற நாலைந்து மாடிக் கட்டடங்களை மொத்தமாகத் தூக்கினார்கள். எடை சுமார் 35,000 டன் என்று கணக்கிட்டார்கள். 6,000 ஜாக்கி, 600 ஆட்கள், ஆளுக்குப் பத்து. எல்லாரும் ஒரே நேரத்தில், ஒரே அளவு திருக வேண்டும். ஒருவர் அவசரப்பட்டால் சுவர் விரிசல் விட்டுவிடும். ஐந்து நாளில் நாலே முக்கால் அடி போல உயர்ந்தது. மேலே கடைகளில் வியாபாரம் நடந்துகொண்டே இருந்தது! (சாலை உயர்ந்து வீடு தாழ்ந்துபோனதால் சென்னையிலும் இப்போது ஜாக்கி வைத்து வீடுகளைத் தூக்குகிறார்கள். பார்க்கக் கிடைத்தால் விடாதீர்கள்.)

சரி, கழிவு வடிந்தது. எங்கே போனது? சிகாகோ ஆற்றுக்கு. ஆறு? ஏரிக்கு. ஊர் எங்கே தண்ணீர் குடித்தது? அதே ஏரியில்! எனக்கு இந்தக் கதையில் பிடித்ததும் கோபம் வருவதும் இந்த இடத்தில்தான். ஏரிக்கு அடியில் இரண்டு மைல் சுரங்கம் வெட்டி, 1867 முதல் தூரத்து நல்ல தண்ணீரை எடுத்துப் பார்த்தார்கள். பெருமழை வந்தால் அங்கேயும் அழுக்கு போய்ச் சேர்ந்தது.

கடைசியில் ஆற்றையே திருப்பிவிட்டார்கள். 28 மைல் நீளத்துக்கு ஆழமான கால்வாய் வெட்டி, 1900 ஜனவரியில் திறந்தார்கள். ஏரிப் பக்கம் ஓடிய தண்ணீர் பள்ளம் இருக்கும் எதிர்ப்பக்கம் ஓடியது. ஏரி தப்பித்தது. ஆனால் அந்தப் பக்கம் கீழே மிசிசிப்பி ஆற்றங்கரையில் செயின்ட் லூயிஸ் ஊர் இருக்கிறதே! "உங்கள் சாக்கடை எங்களுக்கா?" என்று அந்த ஊர் இருக்கும் மிசௌரி மாநிலம் உச்ச நீதிமன்றம் போனது. 1906-ல் மிசௌரி தோற்றது.

சிகாகோ ஆறு இன்றைக்கும் ஏரிக்கு முதுகைக் காட்டிக்கொண்டுதான் ஓடுகிறது.