சரிந்த மார்க் என்ன சொல்கிறது?

அமெரிக்காவில் சட்டம் படிக்க நினைப்பவர்கள் முதலில் ஏதாவது ஒரு பட்டப்படிப்பை முடிக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் சட்டக் கல்லூரி. அதில் சேர அவர்களில் பெரும்பாலோர் எழுதும் நுழைவுத்தேர்வின் பெயர் ‘எல்சாட்’. 1948-ல் தொடங்கிய தேர்வு. இதில் சட்டத்தைப் பற்றி ஒரு கேள்விகூட வராது. ஒரு வாதத்தைக் கொடுத்து, ஓட்டை எங்கே என்று கேட்பார்கள். கடினமான ஒரு பத்தியைக் கொடுத்து, எழுதியவர் சொன்னது எது, சொல்லாதது எது என்று பிரிக்கச் சொல்வார்கள். மனப்பாடம் செய்ய எதுவும் கிடையாது. அதனாலேயே தயாராகிறவர்களை ஒரு சந்தேகம் விடாமல் அரிக்கிறது: இது பயிற்சியால் வருமா, பிறவியிலேயே இருக்க வேண்டுமா? மாதிரித் தேர்வில் மார்க் சரியும் நாளில் அந்தச் சந்தேகமே தீர்ப்பாகிவிடுகிறது: “நமக்கு அவ்வளவுதான் மூளை.”

அந்தத் தீர்ப்பு சரிதானா என்பதை ஸ்கேன் எடுத்தே சோதித்திருக்கிறார்கள். பெர்க்லியில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் ஆலிசன் மேக்கி, கிர்ஸ்டி விட்டேக்கர், சில்வியா பங்கே ஆகியோர் 2012-ல் வெளியிட்ட ஆய்வு அது. எல்சாட் பயிற்சி வகுப்பில் சேர்ந்த 24 பேரின் மூளையை வகுப்பு தொடங்கும் முன்பும், மூன்று மாதம் கழித்தும் எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுத்தார்கள். இடையில் அவர்கள் பெற்ற பயிற்சி சுமார் 100 மணி நேரம். வகுப்புக்குப் போகாத, அதே வயதுடைய இன்னொரு குழுவையும் அதேபோல ஸ்கேன் செய்து ஒப்பிட்டார்கள்.

மூளையின் பகுதிகளை ஒன்றோடொன்று இணைக்கும் நரம்பிழைகளின் தொகுப்பை வெண்பொருள் என்பார்கள். அதற்குள் நீர் மூலக்கூறுகள் எப்படிப் பரவுகின்றன என்பதை அளந்தால், இழைகளின் நுண்ணமைப்பை ஊகிக்க முடியும். பயிற்சி பெற்றவர்களிடம் நெற்றிப் பக்கத்து மூளைப் பகுதிகளை இணைக்கும் வெண்பொருளில் மாற்றம் தெரிந்தது. மற்றக் குழுவில் அது இல்லை. நெற்றிப் பகுதிக்கும் உச்சிப் பகுதிக்கும் இடையிலான தொடர்பு வலுப்பட்டிருப்பதாக அதே ஆய்வகத்தினர் 2013-ல் எழுதினார்கள். தர்க்கம் செய்யும்போது கூடி வேலை செய்யும் பகுதிகள் இவை. சிறிய ஆய்வுதான், இழைக்குள் நடந்த மாற்றம் இன்னதென்று ஸ்கேனை வைத்துத் துல்லியமாகச் சொல்லிவிடவும் முடியாது. ஆனாலும் தர்க்க அறிவு பிறக்கும்போதே அளந்து ஊற்றப்பட்ட சரக்கு என்ற நம்பிக்கையை இது அசைக்கிறது.

மூளையில் அந்த மாற்றம் தெரிந்தது மூன்று மாதப் பயிற்சிக்குப் பிறகு. மார்க்கோ வாரத்துக்கு வாரம் ஏறி இறங்குகிறது. சிக்கல் தொடங்குவது இங்கேதான்.

எண்ணுக்குள் இருக்கும் ஆட்டம்

எல்சாட் மதிப்பெண் 120-லிருந்து 180 வரை. அதன் அளவீட்டுப் பிழை சுமார் 2.6 மதிப்பெண். அதனால் தேர்வை நடத்தும் அமைப்பே வெறும் மார்க்கோடு நிறுத்தாமல், இந்தப் பக்கம் மூன்று அந்தப் பக்கம் மூன்று என்று ஓர் எல்லையையும் சேர்த்துத் தருகிறது. ஒருவர் 160 வாங்கினால், அவருடைய உண்மையான திறன் 157-க்கும் 163-க்கும் இடையில் இருக்க வாய்ப்பு அதிகம் என்று பொருள். ஐந்து நிமிட இடைவெளியில் இரண்டு முறை ரத்த அழுத்தம் பார்த்தால் இரண்டு எண் வருகிறதே, அப்படித்தான் இதுவும். போன வாரம் 160, இந்த வாரம் 157 என்றால் அறிவு எங்கேயும் கசிந்துவிடவில்லை.

நம் ஊர்ப் பிள்ளைகள் எழுதும் ‘கிளாட்’ தேர்வுக்கும் இந்தக் கணக்கு பொருந்தும். திருச்சியிலுள்ள தமிழ்நாடு தேசிய சட்டப் பல்கலைக்கழகம் உள்ளிட்ட தேசிய சட்டப் பல்கலைக்கழகங்களில் இளநிலைப் படிப்பில் சேர, 120 நிமிடத்தில் 120 கேள்விகளுக்கு விடை தர வேண்டும். சரியான விடைக்கு ஒரு மார்க், தவறுக்கு 0.25 கழியும். சந்தேகமான ஐந்து கேள்விகளை ஒரு மாணவி ஊகித்துக் குறிக்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். ஐந்தும் பலித்தால் 5 மார்க் கூடும். ஐந்தும் பொய்த்தால் 1.25 போகும். அவளுக்குத் தெரிந்தது அதேதான். ஆனால் மார்க்கில் 6.25 வித்தியாசம். படித்துப் பழகிய விஷயத்தில் பத்தி வந்ததா, வாயில் நுழையாத விஷயத்தில் வந்ததா என்ற அதிர்ஷ்டம் தனி.

திட்டியதால் ஏறியதா?

இந்த ஆட்டத்துக்கு ஒரு குணம் உண்டு. வழக்கத்தைவிட மிக மோசமான மார்க்குக்கு அடுத்து வருவது பெரும்பாலும் அதைவிட நன்றாகவே இருக்கும். மிக நல்ல மார்க்குக்கு அடுத்து வருவது பெரும்பாலும் இறங்கும். இதைச் சராசரிக்குத் திரும்புதல் என்கிறார்கள். பெற்றோர், பிள்ளைகள் ஆகியோரின் உயரத்தை அளந்து பிரிட்டிஷ் அறிஞர் பிரான்சிஸ் கால்டன் 1886-ல் இதை விளக்கினார்.

பொருளாதார நோபல் பரிசு பெற்ற உளவியலாளர் டேனியல் கானமன், இஸ்ரேலில் விமானப் பயிற்சியாளர்களுக்கு வகுப்பெடுத்த அனுபவத்தை எழுதியிருக்கிறார். பாராட்டுதான் கற்றலுக்கு உதவும் என்று அவர் சொல்ல, ஒரு மூத்த பயிற்சியாளர் மறுத்தார். நன்றாக ஓட்டியவனைப் பாராட்டினால் அடுத்த முறை சொதப்புகிறான். சொதப்பியவனைத் திட்டினால் அடுத்த முறை நன்றாக ஓட்டுகிறான் என்பது அவர் வாதம். அவர் கண்டது நிஜம். காரணத்தைத்தான் தப்பாகப் பிடித்தார். திட்டாமல் விட்டிருந்தாலும் பெரும்பாலும் அதுதான் நடந்திருக்கும்.

நம் வீடுகளிலும் இதே கதைதான். “நாலு வார்த்தை திட்டினால்தான் மார்க் ஏறுது” என்று சொல்லும் அப்பாக்கள் அந்தப் பயிற்சியாளரின் கட்சி. ஒரு மாதிரித் தேர்வு சொதப்பியதும் புத்தகத்தை மாற்றி, கோச்சிங் சென்டரை மாற்றி, தூங்கும் நேரத்தையும் மாற்றிவிட்டு, அடுத்த தேர்வில் மார்க் ஏறியதும் மாற்றத்துக்கு நன்றி சொல்லும் மாணவரும் அதே கட்சிதான். ஒரு தேர்வை வைத்து எதையும் முடிவுகட்டக் கூடாது. கடைசி நான்கைந்து தேர்வுகளின் சராசரி இறங்கினால், அப்போது யோசிக்கலாம்.

கண்ணை மூடிக்கொள்ளும் மனசு

மொத்த மார்க் அவ்வளவு நம்பகமில்லை என்றால் பிறகு எதைப் பார்ப்பது? தப்பான விடைகளை. தோல்வியிலிருந்து கற்றுக்கொள் என்று எல்லாரும் உபதேசம் செய்கிறோம். ஆனால் அது தானாக நடப்பதில்லை.

லாரன் எஸ்கிரைஸ்-விங்க்ளர், அயலெட் ஃபிஷ்பாக் என்ற இரு ஆய்வாளர்கள் 2019-ல் ஐந்து சோதனைகளை வெளியிட்டார்கள். மொத்தம் 1,674 பேர் பங்கேற்றனர். ஒவ்வொரு கேள்விக்கும் இரண்டே விடைகள். ஆகவே ‘நீ சொன்னது சரி’ என்றாலும், ‘தப்பு’ என்றாலும், சரியான விடை எது என்பது தெரிந்துவிடும். தகவல் ஒன்றுதான். பிறகு மறுபடி சோதித்தபோது, ‘தப்பு’ என்று கேட்டவர்கள் குறைவாகவே கற்றிருந்தார்கள். தாங்கள் சொன்ன விடைகளைக்கூட அவர்கள் குறைவாகவே நினைவில் வைத்திருந்தார்கள். சரியான விடைக்குப் பணம் உண்டு என்றபோதும் நிலைமை மாறவில்லை. தப்பு என்ற சொல் தன்மானத்தைச் சுடுகிறது; மனசு அந்தப் பக்கம் பார்ப்பதையே நிறுத்திவிடுகிறது.

இந்த ஆய்வில் இன்னொரு முடிவும் இருக்கிறது. அடுத்தவர் தோல்வியைப் பார்த்து மக்கள் நன்றாகவே கற்றார்கள். அங்கே சுடுவதற்குத் தன்மானம் இல்லை. தேர்வுக்குத் தயாராகும் இரண்டு தோழிகள் விடைத்தாளை மாற்றிக்கொண்டு, ஒருத்தி தப்பை இன்னொருத்தி அலசினால் என்ன என்று இதிலிருந்து யோசிக்கலாம். கைச்செலவு இல்லாத உத்தி.

இன்னொரு ஆறுதலும் உண்டு. கொலம்பியா பல்கலைக்கழகத்தின் பிராடி பட்டர்ஃபீல்ட், ஜேனட் மெட்கால்ஃப் இருவரும் 2001-ல் கண்டது இது: இதுதான் விடை என்று அடித்துச் சொல்லித் தவறிய கேள்விகளைத்தான், திருத்தம் தெரிந்த பிறகு மக்கள் அதிகம் சரிசெய்துகொண்டார்கள். அரைமனதோடு செய்த தப்பைவிட, நிச்சயம் என்று நினைத்துச் செய்த தப்பே நன்றாகத் திருந்துகிறது. அந்த அதிர்ச்சியே கவனத்தை இழுக்கிறது.

ஒரு கேள்வி, ஒரு நோட்டு

எல்சாட், கிளாட் இரண்டிலும் வரும் வகையில் ஒரு கேள்வியை எடுத்துக்கொள்வோம். ‘இந்தக் கடைத்தெருவில் கேமரா வைத்த பிறகு திருட்டுப் புகார்கள் பாதியாகக் குறைந்தன. எனவே திருட்டு குறையக் கேமராதான் காரணம்.’ இந்த வாதத்தைப் பலவீனப்படுத்துவது எது?

அ) கேமரா இல்லாத பக்கத்துத் தெருவிலும் அதே காலத்தில் புகார்கள் பாதியாகக் குறைந்தன.

ஆ) கேமராவுக்கு வியாபாரிகள் செய்த செலவு, திருட்டில் அவர்கள் இழந்ததைவிட அதிகம்.

இ) கேமரா வைத்தது அங்கே குடியிருப்போர் சிலருக்குப் பிடிக்கவில்லை.

விடை ‘அ’. அவசரத்தில் பலர் ‘ஆ’வைக் குறிப்பார்கள். தப்பு செய்தவர் நோட்டில் வழக்கமாக எழுதுவது ஒரே சொல்: ‘கவனக்குறைவு.’ இதனால் ஒரு பயனும் இல்லை. எழுத வேண்டியது இப்படி: ‘கேமரா காரணமா என்பது கேள்வி. கேமரா லாபமா என்ற கேள்விக்கு விடை சொல்லிவிட்டேன். வாதத்தின் முடிவு வரி எது என்று அடிக்கோடு போடாமல் விடைகளுக்குப் போனதால் வந்தது.’ இப்படி முப்பது நாற்பது தப்புகள் சேர்ந்ததும், எங்கே மறுபடி மறுபடி சறுக்குகிறோம் என்பது தெரிந்துவிடும். அது நேரப் பற்றாக்குறையா, வாதத்தைப் பிடிக்காததா, சொல் புரியாததா என்று பிரிந்தால் மருந்தும் பிரியும்.

அந்தக் கேள்வியை ஒரு வாரம் கழித்து, விடையைப் பார்க்காமல் மறுபடி போட வேண்டும். ஹென்றி ரோடிகர், ஜெஃப்ரி கார்பிக் இருவரும் 2006-ல் வெளியிட்ட சோதனையில், ஒரு பத்தியை இரண்டு முறை படித்தவர்களுக்கு ஒரு வாரத்துக்குப் பின் 42 சதவீதம் நினைவிருந்தது. ஒருமுறை படித்து, பிறகு பார்க்காமல் நினைவுகூர்ந்து எழுதியவர்களுக்கு 56 சதவீதம். ஆனால் ஐந்தே நிமிடத்தில் சோதித்தபோது, இருமுறை படித்தவர்கள்தான் முன்னால் நின்றார்கள். திரும்பப் படிப்பது அந்த நேரத்துக்குத் தெம்பு தருகிறது. தேர்வு நாள்வரை நிற்பது முயன்று நினைவுகூர்ந்ததுதான்.

படபடப்பும் தூக்கமும்

வீட்டில் சரியாகப் போட்டவர் தேர்வறையில் தடுமாறுவது ஏன்? ஒரு வாதத்தின் துண்டுகளை ஒரே நேரத்தில் மனதில் நிறுத்திவைப்பது செயல்நினைவின் வேலை. அதன் கொள்ளளவு குறைவு. ‘போச்சு, போச்சு’ என்ற எண்ணமும் அதே இடத்தில்தான் வந்து உட்காரும்.

ஜெரமி ஜேமிசனும் சகாக்களும் 2010-ல் வெளியிட்ட ஆய்வில், மேற்படிப்புக்கான ஜி.ஆர்.இ. நுழைவுத்தேர்வுக்குத் தயாரானவர்களில் ஒரு பகுதியினரிடம், நெஞ்சு படபடப்பது தேர்வுக்கு உதவவும் கூடும் என்று சொல்லிவைத்தார்கள். அவர்கள் கணிதப் பகுதியில் மற்றவர்களைவிட நன்றாகச் செய்தார்கள். எல்லா உத்தியும் இப்படிப் பலித்துவிடவில்லை. தேர்வுக்கு முன் பத்து நிமிடம் கவலைகளை எழுதித் தீர்த்தால் மார்க் கூடும் என்று 2011-ல் ஓர் ஆய்வு பரபரப்பாகப் பேசப்பட்டது. பின்னால் வேறு குழு அதே சோதனையைச் செய்தபோது அந்தப் பலன் கிடைக்கவில்லை. எழுதினால் மனசு லேசாகும் என்றால் எழுதலாம். மார்க்குக்கு உத்தரவாதம் இல்லை.

தூக்கத்தைப் பற்றி அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் நடந்து 2019-ல் வெளியான ஆய்வு தெளிவாகப் பேசுகிறது. வேதியியல் வகுப்பு மாணவர்கள் கையில் தூக்கத்தை அளக்கும் பட்டை கட்டிப் பார்த்தார்கள். தேர்வுக்கு முந்தின இரவுத் தூக்கத்துக்கும் மார்க்குக்கும் தொடர்பே தெரியவில்லை. முந்தைய வாரமும் மாதமும் தூங்கியதற்குத்தான் தொடர்பு இருந்தது. மாதம் முழுக்கக் கண்விழித்துவிட்டுக் கடைசி நாள் சீக்கிரம் படுப்பது கணக்கில் சேரவில்லை.

நூலிழையில் தவறினால்

இவ்வளவுக்குப் பிறகும் இடம் கிடைக்காமல் போகலாம். நூலிழையில் தவறுவது ஒருவரை என்ன செய்யும் என்பதை வேறொரு துறையில் பார்த்திருக்கிறார்கள். அமெரிக்க அரசின் ஆய்வு நிதிக்கு 1990 முதல் 2005 வரை விண்ணப்பித்த இளம் விஞ்ஞானிகளை யாங் வாங், பெஞ்சமின் ஜோன்ஸ், டஷுன் வாங் மூவரும் ஆராய்ந்தார்கள். நூலிழையில் நிதியைத் தவறவிட்டவர்களில் ஒரு பகுதியினர் துறையைவிட்டே விலகினார்கள். விலகாமல் நின்றவர்கள், அதே நூலிழையில் நிதி பெற்றவர்களைவிட அடுத்த பத்தாண்டில் சிறந்த கட்டுரைகளைத் தந்தார்கள். 2019-ல் வெளியான இந்த முடிவைத் தோல்வி எல்லாருக்கும் நல்லது என்று படித்துவிடக் கூடாது. விலகியவர்களும் அந்தக் கணக்கில்தான் இருக்கிறார்கள்.

எல்சாட்டை ஐந்தாண்டுக் காலத்தில் 5 முறையும், வாழ்நாளில் 7 முறையும் எழுதலாம். கிளாட் இளநிலைத் தேர்வுக்கு உச்ச வயது வரம்பு இல்லை. தமிழ்நாட்டு அரசு சட்டக் கல்லூரிகளின் ஐந்தாண்டுப் படிப்புக்கு பிளஸ் டூ மதிப்பெண்ணே போதும், நுழைவுத்தேர்வே கிடையாது. வக்கீல் ஆக ஒரே ஒரு கதவுதான் என்று எந்தப் பிள்ளையும் நம்ப வேண்டியதில்லை. சோர்வு வாரக்கணக்கில் நீடித்து, சாப்பாடும் தூக்கமும் கெட்டால், அது படிப்புப் பிரச்சினை என்ற எல்லையைத் தாண்டிவிட்டது. அரசின் இலவச மனநல உதவி எண் 14416, தமிழிலேயே பேசலாம்.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். மாதிரித் தேர்வு முடிந்து பிள்ளை வீட்டுக்கு வந்ததும் “எத்தனை மார்க்?” என்று கேட்பதை ஒரு மாதம் நிறுத்திப் பாருங்கள். “எந்தக் கேள்வி தப்பாச்சு, ஏன்னு சொல்லு” என்று கேளுங்கள். சொல்வதைக் குறுக்கே பேசாமல் கேளுங்கள்.