மலையேறும் ஜீப்புக்கு இரண்டே புது டயர்: முன்னுக்கா, பின்னுக்கா?

தோட்ட வேலைக்கு ஆள் ஏற்றிச் செல்லும் ஜீப்பானாலும் சரி, இரண்டு ஏக்கர் ஏலத்தோட்டக்காரரின் சொந்தக் காரானாலும் சரி, நான்கு டயரையும் ஒரே நேரத்தில் மாற்றுவது எல்லோராலும் ஆகிற காரியமல்ல. ஓர் எடுப்பு முடிந்து, காய் விற்ற பணம் கைக்கு வந்ததும் இரண்டு டயர் வாங்குவார்கள். மற்ற இரண்டும் அடுத்த எடுப்புக்குத் தள்ளிப்போகும். வாங்கிய இரண்டை எங்கே மாட்டுவது என்பதில்தான் பேச்சு வளரும். "ஸ்டீரிங் முன்னாலேதானே இருக்கிறது; முன் டயர் வெடித்தால் வண்டி கைக்கு நிற்காது. எனவே நல்ல டயர் முன்னுக்கு" என்பார்கள் பலரும். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் நல்ல டயர் பின்னுக்குத்தான் போக வேண்டும்.

முந்தலிலிருந்து போடிமெட்டு வரை 17 கொண்டை ஊசி வளைவுகள். ஐப்பசி, கார்த்திகை மழையில் சாலை முழுவதும் நீரும் சேறும் வழிந்து நிற்கும். அப்படிப்பட்ட வளைவில் முன் டயர் பிடிப்பை இழந்தால், ஸ்டீரிங்கைத் திருப்பியும் வண்டி திரும்பாமல் நேராகப் போகப் பார்க்கும். ஓட்டுகிறவருக்கு அது கையிலேயே தெரிந்துவிடும். ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் வேகம் குறைந்து, பெரும்பாலும் பிடிப்பு திரும்பி வரும். பின் டயர் வழுக்கினால் கதை வேறு. வண்டியின் பின்பக்கம் வெளியே வீசியடித்துக் குறுக்கே திரும்பும். அது தெரிய வருவதற்குள் பாதி திரும்பியிருக்கும். பயந்து பிரேக்கை மிதித்தால் இன்னும் சுழலும். சமவெளியில் என்றால் வயலுக்குள் போய் நிற்கலாம். இங்கே ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் பள்ளம்.

இறக்கத்தில் இன்னொரு விஷயமும் உண்டு. இதைப் பலர் கவனிப்பதில்லை. மலையிறங்கும்போது முதல் கியர், இரண்டாம் கியரில் போட்டு இன்ஜின் பிடித்தே இறங்க வேண்டும் என்பது நல்ல பழக்கம். ஆனால் ஜீப்பில் சாதாரண ஓட்டத்தில் இன்ஜினோடு சேர்ந்திருப்பவை பின் சக்கரங்கள் மட்டுமே. ஆகவே இன்ஜின் பிடிக்கும் பிடி முழுவதும் அந்த இரண்டு டயரின் மேல்தான் விழுகிறது. இறக்கத்தில் எடையோ முன்பக்கம் சாய்ந்துவிடும். லேசாகிப்போன பின் சக்கரத்தில் மொட்டை டயரும் இருந்தால், ஈரத்தில் கியர் மாற்றிய மாத்திரத்திலேயே பின்பக்கம் வழுக்கும். பிரேக்கைத் தொட வேண்டிய அவசியம்கூட இல்லை.

வண்டி நிறைய ஆளும் மூட்டையும் இருந்தால் பின் டயருக்குப் பிடிப்பு தானே வந்துவிடாதா என்று கேட்கலாம். எடை கூடும்போது பிடிப்பு ஓரளவு கூடும் என்பது மெய்யே. ஆனால் பின்னச்சுக்கும் பின்னால் ஏற்றிய பாரம், வளைவில் ஊஞ்சல் போல வெளியே இழுக்கும். ஆர்.சி. புத்தகத்தில் கண்டதற்கு மேல் ஆள் ஏற்றினால் எந்த டயரும் காப்பாற்றாது.

1983 டிசம்பரில் மாருதி 800 வந்த பிறகு, முன் சக்கரம் இழுக்கும் கார்கள் நம் பக்கமும் பெருகின. இவற்றில் முன் டயர்தான் சீக்கிரம் தேயும். அதனால் புதியதை முன்னுக்கே போடத் தோன்றும். இதற்கும் விதி ஒன்றே: பின்னால் இருக்கும் நல்ல டயரை அப்படியே விட்டுவிடுங்கள், பின்னதைவிட புதியது நன்றாக இருந்தால் புதியது பின்னுக்கு, பழைய பின் டயர் முன்னுக்கு. மிஷலின் போன்ற டயர்க் கம்பெனிகளும் உலகெங்கும் இதையே சொல்கின்றன.

அதற்காக முன்னால் மொட்டை டயர் போடலாம் என்று பொருள் கொள்ள வேண்டாம். பிரேக் பிடிக்கும்போது பெரும்பாரம் முன் டயருக்குத்தான். பட்டன் ஆழம் 1.6 மில்லிமீட்டருக்குக் கீழே போனால் சட்டப்படியே அந்த டயர் ஆகாது. மழைக்கால மலைச் சாலைக்கு 3 மில்லிமீட்டராவது இருப்பது நல்லது. தீக்குச்சியைக் காடிக்குள் செங்குத்தாக விட்டு, நகத்தால் குறித்து, பிள்ளைகளின் ஸ்கேலில் வைத்துப் பாருங்கள். நடுவில் மட்டும் பார்த்தால் போதாது. வளைவுச் சாலையில் முன் டயரின் ஓரங்களே முதலில் கரையும். வெடிக்கும் பயத்துக்கும் மருந்து இதுதான்: காற்றுக் குறைவு, அதிக பாரம், பக்கவாட்டில் வெட்டு, வெடிப்பு ஆகியவையே பெரும்பாலும் டயரை வெடிக்க வைக்கின்றன. வெட்டுப்பட்ட டயர் முன்னுக்கும் வேண்டாம், பின்னுக்கும் வேண்டாம்.

தோட்டத்து மண் பாதைக்கென்று பெரிய பட்டன் டயர் வாங்குவோர் உண்டு. சேற்றில் அது நன்றாக ஏறும். ஈரத் தார்ச் சாலையிலோ தரையைத் தொடும் ரப்பர் குறைவு. தினம் போடிக்கு இறங்கும் வண்டிக்கு நடுத்தரப் பட்டன் போதும். சேற்றுக்காகக் காற்றை இறக்கியிருந்தால், மலையிறங்குமுன் மறுபடி நிரப்ப வேண்டும். ஒரே அச்சில் ஒரு ரேடியல், ஒரு நைலான் கூடவே கூடாது. இரண்டு ஜோடி இருந்தால் ரேடியல் ஜோடி பின்னுக்கு. நான்கு சக்கர இழுவை போடும் ஜீப்பில் முன்னும் பின்னும் ஒரே அளவுதான் இருக்க வேண்டும். சுற்றளவு மாறினால் கியர்ப் பெட்டி ஒன்றையொன்று முறுக்கிக்கொண்டு கெடும்.

கடையில் வாங்கும்போது பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்கத்தைப் பாருங்கள். 2324 என்றிருந்தால் 2024-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்தது. பல ஆண்டு அடுக்கில் கிடந்த டயரைப் புதிது என்று வாங்க வேண்டாம். மாட்டிய பின் ஐம்பது கிலோமீட்டர் ஓட்டிவிட்டு, சக்கர நட்டுகளை மறுபடி ஒருமுறை முடுக்கிக்கொள்ளுங்கள்.