நெற்றியில்லாதவர்கள்

இங்கிலீஷ் பாஷையில் ‘ப்ரண்ட்லெஸ்’ என்றொரு பதமுண்டு. அதை எழுதுவோர் இப்போது மிக அரியர். அகராதிகளும் பழஞ்சொல்லென்றே குறிக்கின்றன. நேர்ப்பொருள் ‘நெற்றியில்லாத’ என்பதாம். வெட்கத்தால் சிவக்க நெற்றியே இல்லாதவனுக்கு வெட்கமேது? நம்மவர் ‘நாணிலி’ என்பர்.

இப்பதத்துக்கு உதாரணம் வேண்டுவோருக்கு, 1920ஆம் வருஷத்து லண்டன் பிரபுக்கள் சபையையே நாம் காட்டுவோம். 1919 ஏப்ரல் 13ல் அமிர்தசரஸ் ஜாலியன்வாலா பாகில், கலைந்து போகும்படி எச்சரியாமலே, நிராயுதபாணிகளான ஜனங்கள்மீது 1,650 ரவைகளைச் சுடுவித்தவர் ஜெனரல் டயர். மாண்டோர் 379 பேரென்பது சர்க்கார் கணக்கு. காங்கிரஸ் விசாரணையின் கணக்கோ மிகப் பெரிது. காயம்பட்டோரைக் கவனிப்பது தமது வேலையன்றென்று அவர் ஹண்டர் கமிட்டியின் முன் கூறினார். கவச மோட்டார்கள் உள்ளே நுழைய வழியிருந்தால் இயந்திரத் துப்பாக்கிகளையும் உபயோகித்திருப்பாராம்!

டயர் தனி மனிதர், அவரை விடுவோம். அவருக்கு அநீதி இழைக்கப்பட்டதென்ற தீர்மானத்தைப் பிரபுக்கள் 129க்கு 86 வோட்டுகளால் நிறைவேற்றினர். ‘மார்னிங் போஸ்ட்’ பத்திரிகை அவருக்காகத் திரட்டிய நிதியில் 26,000 பவுனுக்குமேல் குவிந்தது. படித்தவர்களும் பணம் படைத்தவர்களும் விரும்பியே கொடுத்த பணம் அது.

காமன்ஸ் சபை டயர் கட்சிக்கு இசையவில்லை என்பதையும் சொல்லுவதே நியாயம். ஆகவே அந்நாட்டில் நெற்றி அடியோடு அற்றுப்போய்விடவில்லை. மேல்சபையில்தான் அதைக் காணோம்.